தமிழ்க் கிறித்தவ மரபில் உட்சமய விமர்சனம்: இராஜநாயக்கன் முதல் 'கருக்கு' வரை

முன்னுரை

சமயம் கற்பிக்கும் அறத்திற்கும் சமயத்தார் ஒழுகும் முறைக்கும் இடைவெளி இருப்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான நிலையாகும். சிவவாக்கியர் தம் காலத்துச் சடங்குகளையும் சாதி வேறுபாட்டையும் சாடிப் பாடினார். வள்ளலார் சாதி சமயப் பிடிப்புகளைக் கடந்த சமரச நெறியைக் காட்டினார். இவர்தம் பாடல்களை நாம் தயக்கமின்றிக் கற்பிக்கிறோம். அவை சமயத்தின் பகைவர் எழுதியவை அல்ல என்பதும், சமயத்தின் உட்பொருளை நாடியவர் எழுதியவை என்பதும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

கிறித்தவர்களிடையே நிலவிய போலி ஒழுக்கத்தையும் சகிப்பின்மையையும் குறித்துத் தமிழில் எழுந்த விமர்சனம் இத்தகைய தெளிவோடு படிக்கப்படுவதில்லை. கிறித்தவரல்லாத ஆசிரியர், பிறர் சமயத்தைக் குறை கூறுவதாகிவிடுமோ என்று அஞ்சி அதனை ஒதுக்குகிறார். கிறித்தவ ஆசிரியரோ, சிறுபான்மையாக வாழும் தம் சமூகத்தின் குறையைப் பலர் முன் எடுத்துரைக்க வேண்டுமா என்று தயங்குகிறார். ஏறத்தாழ 70 தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட ஜொகூர் மாநிலத்தில் இவ்விரு தயக்கங்களுக்கும் இடமுண்டு. இங்குத் தமிழ் மாணவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். கிறித்தவ மாணவர்கள் ஒரு வகுப்பில் ஓரிருவராகவே அமர்ந்திருப்பர். அவ்வோரிருவரின் மனம் நோகாமலும் உண்மை மறைக்கப்படாமலும் இவ்விலக்கியத்தைக் கற்பிப்பது எங்ஙனம் என்பது கருதத்தக்க வினாவாகும்.

இவ்வினாவிற்கு விடை காண, அவ்விமர்சனத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவத்தைப் பற்றிய மிகக் கடுமையான விமர்சனம் அச்சமயத்தின் உள்ளிருந்தே எழுந்தது என்பதையும், அது தனக்குரிய அளவுகோலைக் கிறித்தவ வேதத்திலிருந்தே பெற்றது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மாயக்காரரும் கூடாவொழுக்கமும்

போலி ஒழுக்கத்தைக் கண்டித்தல் கிறித்தவத்திற்குப் புறம்பானதன்று. நற்செய்தி நூல்களில் இயேசு மிகக் கடிந்து பேசுமிடங்கள் பலவும் தம் காலத்துச் சமயத் தலைவர்களை நோக்கியவை. மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரம் முழுவதும் அத்தகைய கண்டனமே. அங்கு வரும் மூலச்சொல் நாடக மேடையில் வேடமிட்டு நடிப்பவனைக் குறித்த கிரேக்கச் சொல்லாகும். சீர்திருத்தச் சபையினரின் தமிழ் விவிலியம் அதனை 'மாயக்காரர்' என்று பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்று பெயர்த்தது. பின்னைய சொல் மூலத்தின் நாடகப் பொருளுக்கு நெருங்கியது. முன்னையது ஏமாற்று என்னும் பொருளை மிகுவிக்கிறது. இரண்டு சொற்களும் தமிழ்க் கிறித்தவர் நாவில் வழங்குவனவே.

இக்கருத்தை ஏற்கத் தமிழ் மரபு ஆயத்தமாகவே இருந்தது. திருக்குறளின் 28-ஆம் அதிகாரமாகிய 'கூடாவொழுக்கம்' தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோரைப் பற்றியது. புலித்தோலை மேலிட்டுக்கொண்டு பிறர் நிலத்தில் மேயும் பசுவும், புதரில் ஒளிந்திருந்து பறவை பிடிக்கும் வேடனும் அங்கு உவமைகளாகின்றன. துறவையன்று, துறவின் பெயரால் நிகழும் வஞ்சனையையே வள்ளுவர் கண்டிக்கிறார். நற்செய்தியின் கண்டனமும் இவ்வகையினதே. ஆகவே, தமிழ்க் கிறித்தவர் ஒருவர் தம் சபையின் போலி ஒழுக்கத்தைச் சுட்டும்போது, தம் வேதத்தின் துணையும் தம் மொழியின் துணையும் ஒருங்கே பெறுகிறார்.

இராஜநாயக்கனுக்குக் கிட்டாத குருப்பட்டம்

தமிழகத்தில் கிறித்தவம் சாதியைச் சந்தித்த வரலாறு நெடியது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி, உயர்சாதியினரை அணுகும்பொருட்டுத் துறவியர் கோலம் பூண்டு, அவர்தம் பழக்கவழக்கங்களை மேற்கொண்டார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி பூணூல் முதலிய வழக்கங்களுக்கு இசைவளித்தார். நாளடைவில் உயர்சாதியினருக்கு ஒருவகைக் குருக்களும், ஒடுக்கப்பட்டோருக்குப் பண்டாரசுவாமிகள் எனப்பட்ட வேறுவகைக் குருக்களும் பணியாற்றும் முறை ஏற்பட்டது. நொபிலியின் தமிழ்ப்பணியைப் போற்றும் நாம், அவர் கண்ட வழியின் இவ்விளைவையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீர்திருத்தச் சபையிலும் இச்சிக்கல் விரைவில் தலைதூக்கியது. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து பள்ளியும் அச்சகமும் நிறுவினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. 1733-இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றார். அடுத்த குருவைத் தெரிவு செய்யும் காலம் வந்தபோது, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகப் பணியாற்றிய இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். தமிழ் வேதத்தைப் படித்து மனமாற்றம் பெற்றவர். எதிர்ப்புகளுக்கிடையே பலரைச் சபையில் சேர்த்தவர். அவருடைய தகுதியில் குறை காணப்படவில்லை. அவர் கையால் திருவிருந்தைப் பெற வேளாளக் கிறித்தவர் உடன்படார் என்னும் அச்சமே தடையாயிற்று. 1741-இல் தியோகு என்பார் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்நிகழ்ச்சியில் எவரும் இராஜநாயக்கனை வெளிப்படையாக இழித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. சபையின் அமைதி, பணியின் வளர்ச்சி, பிறர் மனம் புண்படாமை எனப் பல நற்காரணங்கள் கூறப்படக்கூடியனவே. அநீதி நற்காரணங்களின் மொழியில் பேசத் தொடங்கும்போது அதனை அடையாளம் காண்பது அரிது. பின்வந்த இருநூற்றாண்டுகளிலும் இதே மொழி பல இடங்களில் கேட்டது.

தஞ்சையில் எழுந்த இருமுனைக் குற்றச்சாட்டு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சபையில் நிகழ்ந்த பூசல் இவ்வரலாற்றில் மிகுந்த சிக்கல் வாய்ந்த பகுதியாகும். அதன் நடுவில் நின்றவர் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த இவர், தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோசி மன்னரோடு ஒருசாலை மாணாக்கராயிருந்தவர்.

சுவார்ட்சு முதலிய முன்னோர் காலத்தில், வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஒரே கோயிலில் வெவ்வேறு புறங்களில் அமர்ந்து வழிபட்டனர். 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் இதனை நீக்க முற்பட்டனர். அதனோடு அவர்கள் நிற்கவில்லை. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றினர். திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களைப் பயன்படுத்தும் வழக்கத்தை விலக்கினர். வழிபாட்டில் தமிழிசைக்கு இருந்த இடத்தைக் குறைத்தனர். இருக்கை மாற்றத்தையும் இம்மூன்றையும் சேர்த்து நான்கு கொடுமைகளாகக் கண்டு சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். சாதியாசாரத்தைக் குறித்த அவருடைய நூல் 1829-இல் எழுந்தது.

இந்நான்கினையும் இன்று ஒரு தட்டில் வைத்து நிறுக்க நம்மால் இயலாது. பூவும் பாட்டும் தமிழர் வாழ்வின் அழகுகள். அவற்றை அஞ்ஞானம் என விலக்கியது அயலார் பண்பாட்டை மதியாத சகிப்பின்மையே. தமிழிசை கிறித்தவ வழிபாட்டில் நிலைபெற்றதற்குச் சாஸ்திரியார் போன்றோரின் உறுதி ஒரு காரணம். அதற்காகத் தமிழுலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. இருக்கைப் பிரிவினையின் நிலையோ வேறு. அங்கு 'எம் வழக்கம்' என்று காக்கப்பட்டது பிறரொருவரின் இழிவு. சாஸ்திரியார் தம் பண்பாட்டுரிமைக்காக எழுப்பிய குரலிலேயே, தம்மருகே அமரத் தகாதவராகக் கருதப்பட்டோரின் உரிமை மறுக்கப்பட்டது.

மிஷனரிகளின் பக்கத்திலும் முரண்பாடு இருந்தது. குடியேற்ற ஆட்சியின் நிழலில் வாழ்ந்த ஐரோப்பியரிடையே இனவேறுபாடும் குடிப்பிறப்பு வேறுபாடும் இயல்பாகவே நிலவின. 1826-இல் தென்னகம் வந்த ஈபர் பேராயர், மேலை நாட்டுக் கிறித்தவரிடையேயும் இத்தகைய வேறுபாடுகள் உண்டென்பதை எண்ணிச் சாதி வழக்கத்தைப் பொறுமையோடு அணுக விரும்பினார். அவருக்குப் பின் வந்த தானியேல் வில்சன் பேராயர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1833 சூலை 5-ஆம் நாள் அவர் எழுதிய சுற்றுமடல், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முடிவாகவும் கைவிடுமாறு சபைகளைப் பணித்தது. வேப்பேரி, தஞ்சை, திருச்சி ஆகிய இடங்களில் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு நீங்கினர். பின்னர் 1840-களில் வேரூன்றிய இலைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைச் சமுதாய வழக்கமெனக் கொண்டு மென்மையாக நடந்துகொண்டமையால், நீங்கியவருள் பலர் அங்குச் சேர்ந்தனர்.

தஞ்சைப் பூசலில் ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தின் போலிமையைச் சரியாகவே கண்டது. தன் போலிமையைக் காணவில்லை. கோயிலின் மறுபுறத்தில் அமர்ந்திருந்தவர்கள் என்ன எண்ணினர் என்பதே அன்றைய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. அக்குரலைத் தமிழிலக்கியம் நன்கு கேட்பதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது.

பிறசமயத்தாரை நோக்கிய சகிப்பின்மை

சகிப்பின்மை சபைக்குள் மட்டும் நிகழவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வெளியிட்ட துண்டு நூல்கள் பல, சைவ வைணவ வழிபாடுகளை இழித்துரைத்தன. இதற்குக் கற்றறிந்தார் நெறியில் விடையளித்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டமையால் அவர் கிறித்தவ வேதத்தை நுணுகி அறிந்திருந்தார். 1854-இல் வெளிவந்த 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில், கோயில், தூபம், தீபம், படையல் முதலியவற்றைப் பழிக்கும் மிஷனரிகளின் சொந்த வேதத்திலேயே எருசலேம் ஆலயச் சடங்குகள் விரிவாக விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். சமயத்திற்கு வெளியே நின்றவராயினும், எதிரியின் நூலைக் கற்று அந்நூலாலேயே எதிரியை அளந்தமை அவர் வாதத்தின் வன்மை. அதே நாவலர் சாதியாசாரத்தைக் கைவிடாதவர் என்பதும் கூறப்பட வேண்டியதே. பிறர் முகத்துக் கறையைக் காட்டும் கண்ணாடி தம் முகத்தையும் காட்டும் என்பது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும்.

கிறித்தவருள்ளிருந்தே இதற்கு மாற்றாக எழுந்த குரல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையுடையது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ்ப் புதினத்தை 1879-இல் வெளியிட்ட இவர் கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1878-இல் வெளிவந்த இவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்', எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை எண்ணிப் பாடுதற்கேற்பப் பொதுப்பெயர்களால் இறைவனை வாழ்த்துகிறது. தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் சமயத்தை மதிக்கலாம் என்பதை அவர் வாதத்தால் நிறுவவில்லை, பாட்டால் காட்டினார். கிறித்தவச் சகிப்பின்மையைப் பேசும் வகுப்பில் இவர் பெயர் இடம்பெறாவிடில் படம் ஒருபுறமாய்ச் சாய்ந்துவிடும்.

வடக்கன்குளம்: ஒரே ஊரின் இரு நினைவுகள்

திருநெல்வேலி மாவட்டத்துத் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் இவ்வரலாற்றின் முரண்பாட்டை ஒருசேரக் காட்டும் ஊராகும். திருவிதாங்கூர் அரசுப் பணியாளரான நீலகண்டன் என்பார் 1745-இல் இவ்வூரில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று போற்றப்படும் அவர், 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், பீடத்தில் இணைந்து இரு கால்களாகப் பிரியும் வடிவில் கட்டப்பட்டது. ஒரு பகுதி வேளாளருக்கும் மற்றொன்று நாடார் முதலிய பிறருக்கும் உரியதாயிற்று. காற்சட்டையை ஒத்த வடிவினால் மக்கள் வழக்கில் அது 'காற்சட்டைக் கோயில்' எனப்பட்டது. ஒரே குரு ஒரே பீடத்தில் பலி நிறைவேற்ற, இரு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் காணாமல் வழிபடுவதற்கென்றே வகுக்கப்பட்ட கட்டடக்கலை அது. 1910-இல் சபைத் தலைமை பிரிவினைச் சுவரை அகற்றியது. வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில், சாதி அடிப்படையில் கோயிலில் தனியிடம் கோரும் உரிமை ஏற்கப்படவில்லை. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் 2001-இல் வெளியிட்ட 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூல் இவ்வூரின் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. சமூக வரலாற்றைத் தமிழிலேயே எழுதுவதற்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

2022 மே 15-ஆம் நாள் உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்னரே, அவர் பெயரோடு வழங்கிய 'பிள்ளை' என்னும் பட்டம், சாதியைத் துறந்தவருக்கு அது பொருந்தாது என்னும் முறையீட்டின் பின், திருச்சபையின் ஆவணங்களினின்றும் நீக்கப்பட்டது. ஒரு சொல்லை நீக்குதற்கு 270 ஆண்டுகள் ஆயின. ஆயினும் அந்நீக்கம் உள்ளிருந்து எழுந்த விமர்சனத்தின் பயன் என்பதை நாம் மறுக்க இயலாது.

'கருக்கு': மறுபுறத்தில் அமர்ந்திருந்தோரின் குரல்

கோயிலின் மறுபுறத்தில் அமர்த்தப்பட்டோரின் குரல் 1992-இல் பாமாவின் 'கருக்கு' வழியாகத் தமிழிலக்கியத்துள் வன்மையோடு ஒலித்தது. 1958-இல் பிறந்த பாமா தலித் கத்தோலிக்கக் குடும்பத்தவர். ஏழை எளிய பிள்ளைகளுக்குத் தொண்டாற்றும் வேட்கையோடு ஆசிரியப் பணியை விட்டுத் துறவு மடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதனை விட்டு வெளியேறியவர். அவ்வெளியேற்றத்தின் பின் எழுதப்பட்டதே 'கருக்கு'.

இந்நூல் முன்வைக்கும் குற்றச்சாட்டை நுணுகிப் பார்க்க வேண்டும். மடத்தார் வறுமை என்னும் வார்த்தைப்பாட்டைக் கொடுத்தவர்கள். ஆயினும் மடத்தின் வாழ்வு வறியோரின் வாழ்வினும் வசதி மிக்கதாயிருக்கிறது. மடத்தார் நடத்தும் பள்ளியில் வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே கனிவு கிடைக்கிறது. அங்குள்ள ஏவல் வேலைகளோ தலித் எளியோரின் தலையில் விழுகின்றன. இவற்றைக் காணும் பாமா, இயேசுவின் போதனை பொய் என்று முடிவுகட்டவில்லை. பணிவையும் பொறுமையையும் மட்டும் எளியோருக்குப் போதித்து, நீதியையும் சமத்துவத்தையும் பற்றிப் பேசும் இயேசுவைத் தம்மிடமிருந்து மறைத்துவிட்டனர் என்பதே அவருடைய வருத்தம். பனைமட்டையின் இருபுறக் கருக்கையும் விவிலியத்தில் வரும் இருபுறமும் கூர்மையான வாளையும் அவர் இணைத்துக் காண்கிறார். அவர் மடத்தை அளந்த கோல் மடத்தின் நூலகத்திலேயே இருந்தது.

நூலின் மொழியும் இவ்விமர்சனத்தின் ஒரு பகுதியே. ஊர்ப் பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட அதனைச் செப்பமற்றதெனக் கருதியோர் தொடக்கத்தில் உண்டு. மறையுரைகளின் செந்தமிழ் எவருடைய வாழ்வைச் சொல்லாது விட்டதோ, அவருடைய வாழ்வை அவர் மொழியிலேயே சொல்வது வேண்டத்தக்கதாயிற்று. லட்சுமி ஓம்சுதுரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வெளிவந்தபின் இந்நூல் உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிலப்படலாயிற்று.

இதே காலத்தில் பிற படைப்புகளும் தோன்றின. 1994-இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', ஒடுக்கப்பட்டோருக்கே துணி வெளுக்கும் குடியைச் சேர்ந்த ஆரோக்கியம் என்னும் கிறித்தவப் பெண்ணின் வாழ்வைச் சித்திரிக்கிறது. ஒடுக்குமுறைக்கு உள்ளானோரும் தமக்குக் கீழே ஒருவரை வைத்திருப்பதை அது காட்டுகிறது. பாமாவின் தமையனாரும் ஆய்வாளருமான ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002-இல் வெளிவந்தது. அது தலித் கிறித்தவ இளைஞன் ஒருவன் வேலைக்காகச் சமய அடையாளத்தையே மாற்றிக்கொள்ள நேரும் அவலத்தை அங்கதச் சுவையோடு கூறுகிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்துக்களுக்கே வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறித்தவருக்கு அவ்விரிவு கிட்டவில்லை. கோயிலுள் தலித்தாகவும் அரசு ஏட்டில் தலித் அல்லாதவராகவும் வாழ நேர்ந்த இருவகைத் துன்பமே இவ்விலக்கியத்தின் பின்னணி.

இவ்வகை எழுத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று தப்பிய பிரடெரிக் தக்ளசு, 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில், அடிமை முதலாளிகளின் கிறித்தவத்தையும் கிறித்துவின் கிறித்தவத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய மடலும், பொறுமை காக்குமாறு அறிவுறுத்திய சமயக் குருமாரை நோக்கியதே. பாமாவை இவர்களோடு வைத்துப் படிக்கும்போது, அவருடைய நூல் தனிமனித மனக்குறை அன்று என்பது விளங்கும்.

திருச்சபையின் ஒப்புதல்

இவ்விமர்சனத்தைத் திருச்சபை எங்ஙனம் எதிர்கொண்டது என்பதையும் கூற வேண்டும். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல், சாதி உணர்வு கிறித்தவ ஒற்றுமைக்கு முரணானது என்பதை வலியுறுத்தினார். ஆயினும் 2008 மார்ச் 9-ஆம் நாள், விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப்பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பாரும் ஒரே நற்கருணையைப் பெற்றவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையொன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்தினின்று கர்தினாலான முதல்வரானார். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதையும் இதனையும் இணைத்து நோக்குவோர், மாற்றம் நிகழ்ந்தது என்பதையும் எத்துணைக் காலம் கடந்து நிகழ்ந்தது என்பதையும் ஒருங்கே உணர்வர்.

ஜொகூர் வகுப்பறையில் இவ்விலக்கியம்

இவ்வரலாறு ஜொகூருக்கு அயலானதன்று. கங்காணி முறையில் ஆள் திரட்டப்பட்ட காலத்தில், கங்காணி தம் ஊராரையும் உறவினரையுமே பெரிதும் அழைத்து வந்தார். ஆதலின் ஊரின் உறவுகளோடு ஊரின் பிரிவுகளும் கப்பலேறின. ரப்பர்த் தோட்டங்களில் இந்துக்களோடு கிறித்தவரும் லயன் வீடுகளில் வாழ்ந்தனர். 1972-இல் மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டம் தனியே அமைந்தபோது, தோட்டத் தமிழர் வழிவந்தோரும் அதன் மக்களாயினர். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் பரப்பிய சாதி மறுப்புக் கருத்துகள் மலாயாத் தமிழரிடையே எல்லாச் சமயத்தாரையும் சிந்திக்கத் தூண்டின. தோட்டங்களிலிருந்து நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த இன்றைய தலைமுறைக்குச் சாதியின் கடுமை பெரிதும் தெரியாது. தெரியாததால் அது இல்லையென்றாகிவிடாது. திருமணப் பேச்சு எழும்போது பலர் அதனை முதன்முறையாகக் காண்கின்றனர்.

இப்பின்னணியில் ஆசிரியர் கருத்திற்கொள்ளத்தக்க சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். 'கருக்கு' போன்ற நூலைத் தனித்து நிறுத்திக் கற்பித்தால், போலி ஒழுக்கம் கிறித்தவருக்கே உரியது என்னும் பிழையான எண்ணம் எழக்கூடும். திருக்குறளின் கூடாவொழுக்கம், சிவவாக்கியர் பாடல், வள்ளலாரின் சமரச நெறி ஆகியவற்றோடு அதனை ஒரே தொடரில் வைத்துக் கற்பித்தல் நன்று. அவ்வாறு கற்பிக்கும்போது கிறித்தவ மாணவர் தனித்துச் சுட்டப்படுவதில்லை. இந்து மாணவரும் தமக்குத் தொடர்பில்லாத செய்தியெனக் கருத இடமிராது.

ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது, அதனைக் கூறுபவர் எவர், எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறார் என்னும் வினாக்களை மாணவரே எழுப்பப் பழக்குதல் வேண்டும். ஒரு சமயத்தார் தம் வேதத்தின்படி ஒழுகவில்லை என்று வருந்துவது ஒன்று. அச்சமயத்தாரே இழிந்தோர் என்பது வேறொன்று. முன்னது திருத்தத்தை நாடுகிறது. பின்னது பகையை வளர்க்கிறது. தஞ்சைப் பூசலைப் பாடமாக எடுத்துக்கொண்டால், இவ்விரண்டும் ஒரே மனிதரின் எழுத்தில் கலந்து வரக்கூடும் என்பதையும் மேல்வகுப்பு மாணவர் அறிவர். சாஸ்திரியாரின் தமிழுணர்வைப் போற்றுவதும் அவருடைய சாதி நிலைப்பாட்டை மறுப்பதும் ஒருங்கே இயலும் என்று கற்பது இலக்கியக் கல்வியின் முதிர்ச்சியாகும்.

முடிவுரை

இராஜநாயக்கன் காலந்தொட்டு இன்றுவரை, தமிழ்க் கிறித்தவத்தில் வேதமும் வழக்கமும் மோதிக்கொண்டே வந்துள்ளன. வழக்கத்தின் பக்கம் நின்றோர் அமைதியையும் மரபையும் காரணங்காட்டினர். வேதத்தின் பக்கம் நின்றோர் பலமுறை தோற்றனர், சிலமுறை வென்றனர். அவர்களைச் சமயத்தின் எதிரிகளாகக் கருதி ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தம் சமயம் கூறியதை நம்பியமையாலேயே அவர்கள் ஏமாற்றமடைந்தனர். நம்பாதவருக்கு ஏமாற்றம் இல்லை.

ஜொகூரின் ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் கிறித்தவ மாணவர் இவ்விலக்கியத்தைக் கற்கும்போது தலைகுனிய வேண்டியதில்லை. அநீதியைக் கண்டு அமைதி காவாமல் தம் வேதத்தைக் கையிலேந்தி வினவியோர் தம் முன்னோருள்ளும் இருந்தனர் என்பதை அவர் அறிந்துகொள்வார். அவர் அருகில் அமர்ந்திருக்கும் இந்து மாணவர் அவ்வினாவைத் தம் வீட்டிற்கும் கொண்டு செல்வாராயின், தமிழாசிரியரின் பணி நிறைவுற்றது எனலாம்.